உணவு எப்படியும் இலவசம் என்றால் பப்பில் பிரீமியம் படிவத்தை ஏன் நிரப்ப வேண்டும்? அந்தப் பணம் யாருக்குப் போகிறது?

கேள்வி: ஈஸ்ட்ஹாம் அம்மா

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் லண்டனில் நியூஹாம் கவுன்சில் பகுதியில் வசிக்கிறோம். மகள் இந்த 2025 செப்டம்பரில் இயர் 3 வகுப்புக்குச் சென்றிருக்கிறாள். மகன் பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷனில் சேர்ந்திருக்கிறான். கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு வேலை நேரம் மிகவும் குறைந்துவிட்டதால், மார்ச் மாதத்திலிருந்து யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை பெறுகிறோம்.

சென்ற வாரம் பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. இலவசப் பள்ளி உணவுக்கு நாங்கள் தகுதி பெறுகிறோமா என்று பார்ப்பதற்காக என் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் கேட்டிருக்கிறார்கள். நியூஹாமில் 2009-ஆம் ஆண்டிலிருந்தே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் மதிய உணவு இலவசம் என்பதால், இந்தப் படிவம் எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டேன். "உணவுக்காக அல்ல, நீங்கள் நிரப்பித் தந்தால் பள்ளிக்குப் பப்பில் பிரீமியம் கிடைக்கும்" என்றார்கள். வசதி குறைந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து அரசு பள்ளிக்குத் தரும் கூடுதல் நிதியாம் அது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,515 பவுண்டு என்று கேட்டதும் எனக்கு வியப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பள்ளியின் இணையதளத்தைப் பார்த்தேன். அதற்கென ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். சுமார் 130 பிள்ளைகளின் பெயரில் ஏறக்குறைய 2 லட்சம் பவுண்டு வருகிறது. அதில் பெரும்பகுதி ஆசிரியர்களுக்கான பயிற்சிக்கும், உதவி ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் போகிறது. காலை உணவு, சுற்றுலா, சீருடை ஆகியவற்றுக்குக் கடைசிப் பகுதியில் ஒரு சிறு தொகை. என் மகளுக்குக் கணக்கு நன்றாக வரும், ஆனால் எழுத்து மிகவும் பின்தங்கியிருக்கிறது. அவள் பெயரில் வரும் 1,515 பவுண்டைக் கொண்டு அவளுக்குத் தனி வகுப்பு வைக்கும்படி நான் கேட்கலாமா? ஏற்கெனவே சம்பளம் வாங்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஏழைப் பிள்ளைகளின் பெயரில் பணம் வாங்குவது சரிதானா?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அந்தப் படிவத்தைக் கொடுத்தால் பிள்ளையின் பெயருக்கு எதிரே "ஏழை" என்று எழுதிவிடுவார்கள், அது கடைசி வரை கூடவே வரும் என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொன்னார். கணவருக்கும் அதே தயக்கம் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஹாரோ ஆளுநர்

வணக்கம் சகோதரி. நான் ஆறு ஆண்டுகளாக ஓர் ஆரம்பப் பாடசாலையின் ஆளுநர் குழுவில், அதாவது பாடசாலை நிர்வாகத்தை மேற்பார்வையிடும் குழுவில், பெற்றோர் பிரதிநிதியாக இருக்கிறேன். இந்தப் பணத்தின் செலவைக் கண்காணிக்கும் பொறுப்பும் என்னிடம்தான் தரப்பட்டிருக்கிறது. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியை நானும் முதல் கூட்டத்திலேயே பாடசாலை அதிபரிடம் (தலைமையாசிரியரிடம்) சற்றுக் கோபமாகக் கேட்டவன் என்பதால், விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவசரமான விடயம். படிவத்தை உடனே கொடுத்துவிடுங்கள். அக்டோபர் மாதத்தின் முதல் வியாழக்கிழமை எல்லா அரச பாடசாலைகளிலும் கணக்கெடுப்பு நடக்கும். அன்றைக்குப் பிள்ளை தகுதியுள்ளவராகப் பதிவாகியிருந்தால்தான் அடுத்த ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான தொகை பாடசாலைக்கு வரும். ஒரு வாரம் தாமதித்து அக்டோபர் நடுவில் கொடுத்தீர்களானால், அது அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் ஏறும்; பணம் 2027 ஏப்ரலில்தான் தொடங்கும். உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஆகவே பாடசாலை ஓராண்டுக்கு இழக்கக்கூடியது 3,030 பவுண்டு. ஒரு முறை பதிவாகிவிட்டால், கடந்த ஆறு ஆண்டுகளில் எப்போதாவது தகுதி பெற்றிருந்தாலே போதும் என்பது விதி. உங்கள் கணவர் நலம்பெற்று, வருமானம் உயர்ந்து, யூனிவர்சல் கிரெடிட் நின்றுபோனாலும், மகள் இடைநிலைப் பாடசாலைக்குச் சென்ற பிறகும் சில காலத்துக்கு இந்தத் தொகை அவள் படிக்கும் இடத்துக்கு வந்துகொண்டிருக்கும்.

தகுதி வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பங்களுக்கு, உதவித்தொகைகளைச் சேர்க்காமல், வரி கழித்த உழைப்பு வருமானம் ஆண்டுக்கு 7,400 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். 2018-இல் வைத்த வரம்பு அது, இன்றுவரை உயரவில்லை. 2026 செப்டம்பரிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இலவச உணவு என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. ஆனால் பப்பில் பிரீமியத்துக்கு அந்தப் பழைய வரம்புதான் தொடரும். உணவும் இந்தப் பணமும் ஒன்றுதான் என்று நினைத்திருப்பவர்கள் அடுத்த ஆண்டு இன்னும் அதிகமாகக் குழம்பப்போகிறார்கள்.

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2011-இல் அன்றைய கூட்டணி அரசாங்கம் இந்த நிதியைத் தொடங்கியபோது, எந்தப் பிள்ளைக்கு வசதி குறைவு என்று அறிய அதன் கையில் இருந்த எளிய அடையாளம் இலவச உணவுப் பதிவு ஒன்றுதான். உணவு வேண்டுமென்றால் பெற்றோர் படிவம் நிரப்பியே ஆகவேண்டும் என்பதால் எண்ணிக்கையும் ஓரளவுக்குச் சரியாக இருந்தது. 2014-இல் ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 பிள்ளைகள் அனைவருக்கும் உணவு இலவசமானது; 2023-இல் லண்டன் மேயர் மற்ற ஆரம்ப வகுப்புகளுக்கும் அதை விரித்தார். பிள்ளைகளுக்கு இது நல்லதுதான். ஆனால் பெற்றோர் படிவம் நிரப்புவதற்கான காரணம் போய்விட்டதால், பாடசாலை அலுவலர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியதாயிற்று. சில கவுன்சில்கள் தங்களிடம் உள்ள உதவித்தொகைப் பதிவுகளைக் கொண்டு தாமாகவே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. எல்லா இடங்களிலும் அப்படி நடப்பதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த 1,515 பவுண்டு உங்கள் மகளுடைய தனிக் கணக்கு அல்ல. அது பாடசாலைக்கு வருகின்ற நிதி. பிள்ளைகளின் எண்ணிக்கை அதை அளப்பதற்கான கோல் மட்டுமே. பதிவாகாத, ஆனால் உதவி தேவைப்படும் பிள்ளைக்கும் பாடசாலை அதிலிருந்து செலவிடலாம். இதை நியாயமற்றது என்று சில பெற்றோர் சொல்வார்கள். ஆனால் 7,400 பவுண்டுக்கு மேல் நூறு பவுண்டு அதிகம் உழைத்துவிட்டார் என்ற காரணத்தால் படிவத்தில் ஏற முடியாமல் போன தகப்பனின் பிள்ளையும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக்கு ஏன் இவ்வளவு? உங்கள் மகள் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பாசிரியருடன்தான் இருக்கிறாள். வாரத்தில் இரண்டு முறை அரை மணி நேரத்துக்கு அவளை வெளியே அழைத்துச் சென்று யாரோ ஒருவர் எழுதப் பழக்கினாலும், மீதி நேரத்தில் அந்த ஆசிரியருக்கு எழுத்தைக் கற்பிக்கும் முறை சரியாகத் தெரியாவிட்டால் அந்த அரை மணி நேரம் கரைந்துபோகும். நல்ல கற்பித்தலால் கூடுதலாகப் பயன் பெறுபவர்களும் வீட்டில் வேறு துணையில்லாத பிள்ளைகள்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் விட்டுப்போனதை மாலையில் டியூஷனில் பிடித்துக்கொள்ள வழி உண்டு. கல்வித் திணைக்களமும் இதனால்தான் செலவை மூன்று தட்டுகளாகப் பிரித்து, வகுப்பறைக் கற்பித்தலை முதலில் வைக்கச் சொல்கிறது. சிறு குழுக்களுக்கும் தனிப்பட்டோருக்குமான பாட உதவி இரண்டாவது தட்டு. பாடசாலை வருகை, காலை உணவு, மனநலம், சுற்றுலா போன்றவை மூன்றாவது. 2011-இல் தொடங்கப்பட்ட எஜுகேஷன் எண்டோமென்ட் பவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு எந்த வழியில் எவ்வளவு பயன் கிடைக்கும் என்று சோதித்து வெளியிடுகிறது. பாடசாலைகள் தம் தெரிவுகளுக்கு இத்தகைய ஆய்வுகளைச் சான்றாகக் காட்ட வேண்டியிருக்கிறது.

கணக்கையும் பாருங்கள். 2 லட்சம் பவுண்டு பெரிய தொகையாகத் தோன்றும். உள் லண்டன் சம்பள அளவில், ஓய்வூதியமும் காப்புறுதியும் சேர்த்தால், புதிதாக வரும் ஒரே ஓர் ஆசிரியருக்கே ஆண்டுக்கு 50,000 பவுண்டுக்கு மேல் செலவாகிறது. தனி ஒருவருக்கு 1,515 பவுண்டு என்று பிரித்துக் கொடுத்தால் வெளியே ஓர் ஆசிரியரிடம் வாரம் ஒரு மணி நேரம் படிக்கலாம், அவ்வளவுதான். 130 பிள்ளைகளுடையதைச் சேர்த்தால் எழுத்துக்கென்றே ஒரு நல்ல ஆசிரியரை ஆண்டு முழுவதும் வைத்திருக்கலாம்.

பெயரைப் பற்றிய அச்சத்துக்கும் ஒரு வார்த்தை. யார் யார் பட்டியலில் இருக்கிறார்கள் என்று வகுப்பாசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் தெரியும். ஆளுநராகிய எனக்குக்கூட எண்ணிக்கைதான் தருவார்கள், பெயர்கள் தரமாட்டார்கள். மற்றப் பெற்றோருக்குத் தெரிய வழியே இல்லை. நம் ஆட்கள் இதை அவமானமாக நினைத்துப் படிவத்தைக் கிழித்துப் போடுகிறார்கள். அதே ஆட்கள் பதினொரு வயதுத் தேர்வுக்காக நாலாம் வகுப்பிலிருந்து டியூஷனுக்குப் பணத்தை அள்ளிக் கொடுக்கிறார்கள். அந்தத் தேர்வை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரச பாடசாலைகள்தான் கிராமர் பாடசாலைகள்; பர்மிங்காமின் கிங் எட்வர்ட் கிராமர் பாடசாலைகள் போன்ற பல இடங்களில், பப்பில் பிரீமியம் பெறும் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை இருக்கிறது. இதைச் சொன்ன பிறகுதான் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான்கு பேர் படிவம் கேட்டு வந்தார்கள்!

பதில் 2: லூட்டன் அப்பா

ஆளுநர் ஐயா எழுதியது திட்டத்தின் நோக்கத்தைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் நோக்கம் ஒன்றாகவும் நடப்பு வேறாகவும் இருக்கும்போது பெற்றோர் முதலாவதை மட்டும் படித்துவிட்டு நிம்மதியடைந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் பிள்ளைகள் முன்பு படித்த பள்ளியின் அறிக்கையை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். தொகையைத் தவிர வேறெதுவும் மாறவில்லை. ஓரிடத்தில் பழைய ஆண்டைக்கூடத் திருத்தாமல் விட்டிருந்தார்கள். "வாசிப்பு மேம்படும்" என்பது இலக்கு, "வாசிப்பு மேம்பட்டு வருகிறது" என்பது விளைவு. எத்தனை பிள்ளைகள், எவ்வளவு, எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று எதுவும் இல்லை. இந்த நிதியில் அமர்த்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட உதவி ஆசிரியர், எந்த ஆசிரியர் விடுப்பில் போனாலும் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டார். சிறு குழு என்பது அட்டவணையில் மட்டும்தான் இருந்தது. என் மகன் அதில் ஒரு பருவத்தில் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறான்.

இது ஒரு பள்ளியின் குறை மட்டுமல்ல. பள்ளிகளின் பொது நிதி சுருங்கிய பிறகு, பப்பில் பிரீமியத்தைக் கொண்டு மற்ற ஓட்டைகளை அடைக்கிறோம் என்று தலைமையாசிரியர்களே ஒப்புக்கொள்கிறார்கள். சட்டன் டிரஸ்ட் என்ற கல்வி அறக்கட்டளை ஆண்டுதோறும் வெளியிடும் கருத்துக்கணிப்புகளில் அண்மைக் காலமாக அப்படிச் சொன்னவர்கள் பத்துக்கு நான்கு பேருக்கும் மேல். தொகையின் மதிப்பும் தேய்ந்திருக்கிறது. 2015-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 1,320 பவுண்டு; ஐந்தாண்டுகள் அதில் ஒரு பென்னிகூட ஏறவில்லை. 2025-இல் 1,515. பத்து ஆண்டுகளில் உயர்வு சுமார் 15 விழுக்காடு, விலைவாசி உயர்வோ அதே காலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். பணம் கூடியிருக்கிறது என்று சொல்பவர்கள் காகிதத்தில் இருப்பதைச் சொல்கிறார்கள்.

விளைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019-இல், அதாவது கொரோனாவுக்கு முன்பே, தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பான இயர் 6 முடிவில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் எதிர்பார்த்த தரத்தை எட்டிய பிள்ளைகள் வசதி குறைந்தவர்களில் 51 விழுக்காடு, மற்றவர்களில் 71 விழுக்காடு. எட்டு ஆண்டுகள் பணம் செலவான பிறகும் 20 புள்ளி இடைவெளி. பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் அது மேலும் விரிந்தது. பணம் இல்லாவிட்டால் இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்று சொல்லலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் படிவத்தைக் கொடுங்கள், பிறகு கேள்வியும் கேளுங்கள் என்பதுதான் என் கருத்து; படிவத்தைக் கொடுக்காமல் கேள்வி மட்டும் கேட்டால் அவர்களுக்குப் பதில் சொல்வது எளிதாகிவிடும்.

பதில் 3: வகுப்பறை உதவியாளர்

நான் ஒன்பது ஆண்டுகளாக ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை பார்க்கிறேன். மேலே இருவரும் மேசையின் இரு பக்கங்களிலிருந்து எழுதியிருக்கிறார்கள்; நான் மேசைக்கு அடியிலிருந்து, சிறு நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன்.

என் சம்பளத்தின் ஒரு பகுதி இந்த நிதியிலிருந்து வருகிறது. அதனால் என்னைப் போன்ற உதவியாளர்களுக்கு எதிராகவே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைப் பின்தங்கிய ஐந்து பிள்ளைகளின் மேசையில் உட்கார வைத்து, "இவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். நானும் பாசத்தோடு பார்த்துக்கொண்டேன்: விடை வராதபோது மெல்ல எடுத்துக் கொடுத்தேன், எழுத்துக்கூட்டிச் சொன்னேன், பக்கம் நிரம்பியதும் மகிழ்ந்தேன். பிள்ளைகளோ சிந்திக்கும் வேலையை என்னிடம் விட்டுவிட்டார்கள். ஆசிரியரும் அந்த மேசைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். லண்டனில் உள்ள கல்வி ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2009-இலேயே, உதவியாளர்களிடம் அதிகம் விடப்பட்ட பிள்ளைகள் அவர்களை ஒத்த மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள் என்று கண்டிருக்கிறார்கள். அதை ஒரு பயிற்சியில் கேட்ட நாளில் எனக்கு அழுகை வந்தது. குறை உதவியாளர்கள்மேல் இல்லை, எங்களைப் பயன்படுத்திய முறையில்தான் என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது.

இப்போது நான் செய்வது வேறு. ரிசெப்ஷன் பிள்ளைகளுக்கான நெலி என்ற பேச்சுமொழித் திட்டத்தில் எனக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள். முதலில் எல்லாப் பிள்ளைகளின் பேச்சையும் கேட்டு மதிப்பிடுவோம். உதவி தேவைப்படும் சிலரை மட்டும் எடுத்து, 20 வாரங்களுக்கு, வாரத்தில் மூன்று முறை குழுவாகவும் இரண்டு முறை தனியாகவும் உட்கார்ந்து சொற்களையும் கதை சொல்வதையும் பழக்குவோம். எந்த நாளில் எந்தச் சொல், எந்தப் படம் என்று எல்லாம் வகுத்துத் தரப்பட்டிருக்கும். இப்படி ஒழுங்காக வகுத்த திட்டத்தைப் பயிற்சி பெற்ற உதவியாளர் நடத்தினால், அதே ஆளைக் கொண்டே சில மாதப் படிப்புக்கு இணையான கூடுதல் முன்னேற்றம் கிடைக்கிறது. பயிற்சிக்கு ஏன் பணம் என்று கேட்டீர்களே, அதே உதவியாளரை மேசையோடு கட்டிப்போடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் அந்தப் பணம்.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை அந்த மதிப்பீட்டில் ஆங்கிலச் சொற்கள் குறைவு என்பதால் கீழே வரலாம். அதை மொழித்திறனே குறைவு என்று எடுத்துக்கொண்டு, வீட்டில் தமிழை நிறுத்திவிட வேண்டாம். தமிழில் ஒரு கதையை முன்பின் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்துக்கு விரைவில் வந்துவிடுகிறது என்பது என் அனுபவம். வீட்டு மொழி வேறு என்பது மட்டுமே பப்பில் பிரீமியத்துக்குத் தகுதி ஆகாது. அதற்குப் பள்ளியின் பொது நிதிக் கணக்கில் முதல் சில ஆண்டுகளுக்கு வேறொரு தொகை இருக்கிறது.

கடைசித் தட்டில் இருக்கும் சிறு தொகையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எங்கள் பள்ளியில் இயர் 4 மாணவன் ஒருவனுக்குப் புதன்கிழமை மட்டும் வயிற்றுவலி வரும். தாயாரை அழைத்து எச்சரித்தார்கள், வரவுப் பதிவேட்டைக் காட்டினார்கள், ஒன்றும் மாறவில்லை. புதன்கிழமை நீச்சல் வகுப்பு என்பதும், அவனிடம் நீச்சல் கால்சட்டையும் துவாலையும் இல்லை என்பதும், மதிய உணவு மேற்பார்வைக்கு வரும் ஓர் அம்மாளிடம் அவன் தானாகச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இருபது பவுண்டுக்குள் முடிந்தது. அன்றைக்கு அவன் இழந்துகொண்டிருந்தது நீச்சலை மட்டுமல்ல, காலையில் நடக்கும் எழுத்து வகுப்பையும்தான். அதே ஆண்டில் எங்கள் பள்ளி இந்த நிதியிலிருந்து ஒரு கட்டு டேப்லெட்டுகளையும் வாங்கியது. அவற்றில் பாதி இப்போது அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடக்கின்றன.

உங்கள் மகளுக்கு வருவோம். ஒவ்வொரு பருவத்திலும் வகுப்பாசிரியரும் நிர்வாகமும் உட்கார்ந்து, பிள்ளைகளின் முன்னேற்றத்தை ஒவ்வொரு பெயராகப் பேசுவார்கள்; நிதிப் பட்டியலில் உள்ள பெயர்களைக் கட்டாயம் எடுப்பார்கள். கணக்கில் நன்றாக இருக்கும் பிள்ளை அங்கே கவலைக்குரியவராகத் தெரியாமல் நழுவிவிடுவது உண்டு. ஆகவே கூட்டத்துக்கு முன்பே ஆசிரியரிடம் சொல்லுங்கள். "பணம் எங்கே" என்று தொடங்கினால் அவர் தலைமையாசிரியரைக் கைகாட்டிவிடுவார். "எழுத்தில் அவளுக்கு எது தடையாக இருக்கிறது, கையெழுத்தா, எழுத்துக்கூட்டலா, வாக்கியம் அமைப்பதா" என்று கேட்டால் அவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பதில் தெரியாவிட்டால் பார்த்துச் சொல்ல வேண்டியதாகிவிடும்.

பதில் 4: ஹாரோ ஆளுநர்

லூட்டன் நண்பர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆளுநர் குழுவுக்கு வரும் அறிக்கையிலும் அந்த வழவழப்பு இருக்கும். ஒவ்வொரு பாடசாலையும் டிசம்பர் 31-க்குள் அரசாங்கம் தந்த படிவ அமைப்பில் புதிய அறிக்கையை வெளியிட வேண்டும். அதில் சென்ற ஆண்டுத் திட்டம் என்ன ஆயிற்று என்று சொல்ல ஒரு பகுதி இருக்கிறது. பெற்றோர் யாரும் அதைப் படிப்பதில்லை என்று பாடசாலைக்குத் தெரிந்தால் அங்கே நான்கு வரிகள் இருக்கும். நான் முதலில் படிப்பது அந்தப் பகுதியைத்தான். எதையாவது "பயன் தரவில்லை, நிறுத்திவிட்டோம்" என்று ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். எழுதியிருந்தால் மற்றதையும் நம்பிப் படிப்பேன். வகுப்பறை உதவியாளர் குறிப்பிட்ட டேப்லெட்டுகள் அப்படிப்பட்ட ஒரு வரிக்குத் தகுந்தவை.

பதில் 5: புதியவர்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் அரசு உதவி பெற முடியாத விசாவில் இருக்கிறோம். யூனிவர்சல் கிரெடிட் கிடையாது. எங்களிடமும் அதே படிவத்தைத் தந்தார்கள். கொடுத்தால் விசா நீட்டிப்பில் சிக்கல் வருமோ என்று பயந்து எடுத்து வைத்துவிட்டோம். கொடுக்கலாமா?

பதில் 6: வகுப்பறை உதவியாளர்

கொடுக்கலாம். விசா விதிகளில் "அரசு உதவி" என்று தடுக்கப்பட்டவற்றின் பட்டியலில் பள்ளி உணவு இல்லை. உங்களைப் போன்ற குடும்பங்களுக்கும் இலவச உணவுத் தகுதி உண்டு, வருமான வரம்பு மட்டும் வேறு. 2025 நிலவரப்படி லண்டனில் ஒரு பிள்ளை என்றால் ஆண்டுக்கு 31,200 பவுண்டு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் 34,800, லண்டனுக்கு வெளியே முறையே 22,700, 26,300. சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. தகுதி பெற்றால் பள்ளிக்குப் பப்பில் பிரீமியமும் வரும். நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணைக் கொண்டு கணினியில் சரிபார்க்க முடியாது என்பதால் சம்பளச் சீட்டு, வங்கி விவரம் போன்றவற்றைக் காகிதத்தில் கேட்பார்கள். அலுவலகத்தில் புதிதாக வந்தவர் இருந்தால், "உங்களுக்கு இது கிடையாது" என்று திருப்பி அனுப்பக்கூடும். அப்போது கவுன்சிலின் பள்ளி உணவுப் பிரிவை நேரடியாக அணுகுங்கள்.

பதில் 7: ஈஸ்ட்ஹாம் அம்மா

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு பிள்ளைகளுக்குமான படிவத்தை இன்று காலை கொடுத்துவிட்டேன். மாலையிலேயே இருவரும் தகுதி பெற்றுவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. கணவர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் கிராமர் பள்ளி முன்னுரிமை பற்றிய வரியை இரண்டு முறை படித்தார்.

வகுப்பாசிரியரிடம் தடை எது என்று கேட்டேன். உடனே சொல்லத் தெரியவில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டு, இரண்டு நாள் கழித்து மகளின் நோட்டுகளோடு அழைத்தார். வாயால் சொல்லச் சொன்னால் முழு வாக்கியமாகச் சொல்கிறாளாம். எழுதும்போது எழுத்துக்கூட்டலுக்குப் பயந்து, தனக்கு எழுதத் தெரிந்த சின்னச் சொற்களை மட்டும் கொண்டு எழுதுகிறாளாம். அரைப்பருவ விடுமுறைக்குப் பிறகு ஆறு பேர் கொண்ட எழுத்துக்கூட்டல் குழு ஒன்று வாரம் மூன்று நாள் தொடங்குகிறது, அதில் சேர்க்கிறோம் என்றார். அந்தக் குழுவை யார் நடத்துவார், ஆசிரியர் விடுப்பில் போகும் நாளில் அது நடக்குமா என்று லூட்டன் அண்ணனை நினைத்துக்கொண்டு கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள், எனக்கும் உதவியாக இருக்கும் என்றார்.

கடிதத்தை இன்றிரவு எழுதுகிறேன். நடந்த வகுப்புகளின் எண்ணிக்கையைப் பருவ இறுதியில் தரும்படி கேட்பது முறையாக இருக்குமா, ஆளுநர் ஐயா?

பதில் 8: ஹாரோ ஆளுநர்

தாராளமாகக் கேளுங்கள். திட்டமிட்டவை எத்தனை, நடந்தவை எத்தனை என்று இரண்டு எண்களையும் சேர்த்துக் கேளுங்கள், கடிதத்தின் பிரதியை உங்கள் பாடசாலையின் ஆளுநர் குழுச் செயலாளருக்கும் அனுப்புங்கள்.